ஓட்டுறவனுக்கு வாந்தி வராது

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அந்தப் பக்கம் வேணாம், இடது பக்கமா வாங்க. வலது தோள்ல நீங்க ஒரு இடி இடிச்சீங்கன்னா, அந்த டாக்டர் தச்சு வச்சதை மறுபடி போய்த் தச்சுக்கிட்டு வரணும் நானு. ம், அப்படித்தான். கையைப் புடிச்சு இழுத்துப் பயிற்சி குடுக்குதே ஒரு புள்ள, அது நம்மளக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. உள்ள ஒரு அம்மா கத்துது பாருங்க, அது முடிஞ்சாத்தான் நம்ம முறை. அதுக்குள்ள சொல்லிப்புடுறேன்.

உங்களுக்கும் தோள் ஜவ்வுதானே? ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சா? வலிக்குப் பயமில்ல, முழிச்சப்புறம் குமட்டிக்கிட்டு வருமாமே, அதுக்குத்தான் பயம்னு இப்ப உங்க வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னீங்கள்ல? காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல, விழுந்துச்சு. கேட்டப்புறம் சும்மா இருக்க முடியல. ஏன்னா வாந்திங்கிற விஷயத்துல இந்தப் போடி ஊருக்குள்ள என்னை விட்டா வேற ஆளு கிடையாது.

என் பேரு வீரணன். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுறவன். காலையில ஆளுகளை ஏத்திக்கிட்டு மலை உச்சியில போடிமெட்டுக்குப் போயி, சாயங்காலம் இறக்கிக் கொண்டாந்து விடணும். அந்த ரோடு எப்படின்னு தெரியும்ல? ஒரு கொண்டை ஊசி வளைவு முடியுறதுக்குள்ள அடுத்தது வந்து வாசல்ல நிக்கும். எந்த ஆளுக்கு எந்த வளைவுல தொண்டைக்கு வரும்னு எனக்குத் தெரியும் தம்பி. ஜீப்புல காலெடுத்து வைக்கிறப்பவே மூஞ்சியப் பாத்துச் சொல்லிப்புடுவேன். மேலுதட்டுல வேர்வை பூத்திருந்தா முன் சீட்டு. எச்சியைக் கூட்டி கூட்டி முழுங்குனா ஓரச் சீட்டு. "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே"னு ஏறுற முன்னாடியே சொல்றான் பாருங்க, அவன்தான் மோசமான ஆளு. அவனுக்குப் பின்னால யாரையும் உக்கார விட மாட்டேன்.

எலுமிச்சம்பழம் எப்பவும் வண்டியில கிடக்கும். மோந்து பாக்கணும், திங்கக் கூடாது. தலையைக் குனியக் கூடாது, முன்னால ரோட்டைப் பாக்கணும். வெறும் வயித்தோட மலையேறக் கூடாது, ரெண்டு வாய் எதையாச்சும் போட்டுக்கிட்டுத்தான் ஏறணும். இது எங்க ஜீப்புக்காரங்க சட்டம்.

எனக்கா? என்ன தம்பி இப்படிக் கேட்டுப்புட்டீங்க! ஓட்டுறவனுக்கு வாந்தி வராது.

அடுத்தவன் ஓட்டுற வண்டியில போறப்ப வந்திருக்கு. இல்லைங்கல. ஆனா அது என் குத்தமா? திருச்செந்தூருக்கு வேன் புடிச்சுப் போனோம், அந்த டிரைவருக்குப் பிரேக்கு புடிக்கத் தெரியல. பழனிக்கு பஸ்ல போனப்ப, அந்த ஆளு ஸ்டீரிங்கைப் புடிச்சதே தப்பு. மெட்ராசுக்கு ஒரு கல்யாணத்துக்கு ரயில்ல போனோம், திண்டுக்கல்லு தாண்டல, ஆரம்பிச்சிருச்சு. ரயில் ஓட்டுறவனும் சரியில்ல தம்பி இந்தக் காலத்துல.

சரி, தோள் கதைக்கு வாரேன். ஜீப்பு மேல ஏலக்கா மூட்டையத் தூக்கிப் போட்டேன். மூட்டை மேல போச்சு, கை கீழ வந்துருச்சு. அப்புறம் தூக்குனாத் தூக்க வரல. ஸ்டீரிங்கை ஒடிச்சுத் திருப்ப முடியல. மதுரையில எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, தச்சாத்தான் வண்டி ஓட்டலாம்"னாரு. "தைக்காட்டி?"ன்னேன். "தைக்காட்டி என்ன, அடுத்தவங்க ஓட்ட, நீங்க பக்கத்துல உக்காந்து போகலாம்"னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு. அடுத்த நிமிசமே "தச்சிருங்க டாக்டர்"ன்னுட்டேன்.

ஆனாலும் ஆபரேஷன்னா யோசனைதான். முன்னால ஒருக்க எர்னியாவுக்கு வயித்தைக் கிழிச்சாங்க. முழிச்சதுதான் தெரியும், வாந்தி புடிச்சுக்கிச்சு. குடம் குடமா. எக்கி எக்கித் தையலே விட்டுப் போயி, மறுபடி தூக்கிட்டுப் போய்த் தச்சாங்க. அது மயக்க மருந்தால இல்ல தம்பி. பக்கத்துக் கட்டில்காரன் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்து திறந்துட்டான். அந்த வாடை. ஆனா எனக்குள்ள ஒண்ணு உக்காந்திருச்சு. வயித்துத் தையலாச்சும் பெருந்தையல். இந்தத் தோளுக்குள்ள நூலு மாதிரி தச்சு வச்சிருப்பாங்களே, வாந்தி வந்து உடம்பு போட்டு உலுக்குச்சுன்னா நிக்குமா? அது அந்துச்சுன்னா நான் என்னைக்கு ஜீப்பைத் தொடுறது?

இதை நான் யாருகிட்டயும் சொல்லல. இன்னைக்கு நாள் நல்லால்ல, நாளைக்குத் தோட்டத்துல ஆளில்லன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். என் சம்சாரம் ஒச்சம்மாதான் ஒருநாள் பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நின்னுட்டா. "கெளம்புங்க. டாக்டரு நமக்குன்னு காத்திருக்காரு." டாக்டரு எங்க காத்திருந்தாரு? அவளாப் போன் போட்டு நாள் வாங்கியிருக்கா.

ஒச்சம்மாவை நீங்க பாக்கணும். அந்தா, மருந்துக்கடை வாசல்ல நின்னு உங்க வீட்டுக்காரம்மாகூடப் பேசிக்கிட்டு இருக்கால்ல, அவதான். வீட்டுல வாய் ஓயாது. டாக்டரக் கண்டா மட்டும் பாவம், வாயில கொழுக்கட்டை.

ஆபரேஷனுக்கு முன்னால மயக்கம் குடுக்குற டாக்டரைத் தனியாப் பாக்கச் சொன்னாங்க. போனா ஒரு பொம்பளப்புள்ள. ஜெசிந்தான்னு பேரு. கேள்வியாக் கேட்டுச்சு.

"அண்ணே, பீடி சிகரெட் உண்டா?"

"இருந்துச்சு. இவ சொல்லி விட்டுட்டேன்."

"நல்லது. பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்கு மயக்கம் தெளிஞ்சப்புறம் வாந்தி கொஞ்சம் கம்மியா இருக்கும், அதுக்காகத்தான் கேட்டேன்."

நான் ஒச்சம்மா பக்கம் திரும்பி, "கேட்டியா? உன் பேச்சைக் கேட்டதுக்கு"ன்னேன். டாக்டரம்மா உடனே, "அண்ணே, அதுக்காகப் போய்ப் பத்த வச்சிராதீங்க. தச்ச ஜவ்வு ஒட்டாது"ன்னுச்சு.

"பஸ்ல, கார்ல போனா உங்களுக்கு வாந்தி வருமா?"

தம்பி, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மீசையத் தடவிக்கிட்டே சொன்னேன். "டாக்டரம்மா, நான் மலை ரோட்டு டிரைவரு. என் வண்டியில வாந்தி எடுத்தவங்களை வரிசையா நிறுத்துனா இங்க இருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிப்பாங்க."

"உங்களுக்கு வருமான்னு கேட்டேன்."

"ஓட்டுறவனுக்கு வராதும்மா."

"முன்னால ஆபரேஷன் ஆனப்ப?"

"அது கருவாடு."

அந்தம்மா என்னையே பாத்துச்சு. ஒண்ணும் புரியல போல. படிச்ச புள்ள, கருவாட்டு வாடையெல்லாம் தெரியாதுல்ல. அப்பப் பாத்து இந்த ஒச்சம்மா வாயத் தொறந்தா. எனக்கே ஆச்சரியம். ஆனா என்னைப் பத்திப் பேசல. தன்னைப் பத்திப் பேசுறா!

"டாக்டரம்மா, அவரு கெட்டிக்காரரு, அவருக்கு ஒண்ணும் வராது. எனக்கு ஒரு சந்தேகம். நாளப்பின்ன எனக்கு ஒரு ஆபரேஷன்னு வந்தா என்ன செய்வீங்க? எனக்கு பஸ்ல ஏறுனாலே வந்துரும். கார்ல வரும். ரயில்லயும் வரும். முந்தி வயித்துல ஒரு ஆபரேஷன் பண்ணப்ப எடுத்த வாந்தியில தையலே விட்டுப் போச்சு."

நான் அவளையே பாக்குறேன். வயித்துல ஆபரேஷனா? எப்பப் பண்ணா? என்கிட்டச் சொல்லவே இல்லையே! கட்டுன நாள்ல இருந்து என் ஜீப்புல போறா, ஒரு நாளாச்சும் இவ வாந்தி எடுத்துப் பாத்தவங்க உண்டா? மெட்டு வளைவுல வெத்தலை மடிச்சுப் போட்டுக்கிட்டு வர்றவ தம்பி இவ. டாக்டரு நம்மளையும் ரெண்டு வார்த்தை விசாரிக்காதான்னு பொம்பளைகளுக்கு ஒரு ஆசை இருக்கும்ல, அதுக்காகப் பொய் சொல்றான்னு விட்டுட்டேன்.

டாக்டரம்மா நாற்காலிய அவ பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்துக்கிச்சு. "ரொம்பக் கஷ்டமா இருக்குமோ?"

"ஏன் கேக்குறீங்க. வந்தா மீசையெல்லாம் ஒட்டிக்கிடும் டாக்டரம்மா, கழுவிவிட ஆளு வேணும்."

பொம்பளைக்கு ஏது மீசை? பயத்துல என்னத்தையாச்சும் உளறுறா. அந்தம்மாவுக்கோ சிரிப்பை அடக்க முடியல. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி இருமுற மாதிரி இருமுச்சு. அப்புறம் சொல்லுச்சு:

"சரிம்மா. உங்களை மாதிரி ஒரு ஆளு வந்தா நான் இப்படிச் செய்வேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஊசி போட்டு அந்தக் கையை மட்டும் மரத்துப் போக வச்சிருவேன். கை மரத்துட்டா வலி தெரியாது. வலி தெரியாட்டி பெரிய வலி மருந்து நெறையத் தேவைப்படாது. அந்த மருந்துதான் பாதி வாந்தியைக் கொண்டாரும். தூங்க வைக்கிறதுக்கும், மூக்குல புடிக்கிற கேஸு வேணாம், நரம்பு வழியா மருந்து. அதுபோக வாந்தி வராம இருக்க ஒண்ணுக்கு ரெண்டு வகை ஊசி, வர்றதுக்கு முன்னாடியே. வந்தப்புறம் நிறுத்துறது கஷ்டம், வராம தடுக்குறது சுலபம்."

"இதெல்லாம் முன்கூட்டியே சொன்னாத்தான் செய்வீங்களா டாக்டரம்மா?"

"இன்ன ஆளுன்னு தெரிஞ்சாத்தானேம்மா செய்ய முடியும். மறைச்சாத்தான் வம்பு."

பாத்தீங்களா? அதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். உங்களுக்கு பஸ்ல வரும்னா டாக்டர்கிட்ட வெக்கப்படாமச் சொல்லிருங்க. மறைக்கிற ஆளுகளைக் கண்டாலே எனக்குப் புடிக்காது.

கடைசியா என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஆபரேஷன் அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தண்ணி எதுவரைக்கும் குடிக்கலாம்னு நர்ஸ் சொல்வாங்க. வயித்துல சோறு கெடந்தா, மயக்கத்துல மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிரும். உசுருக்கே ஆபத்து"ன்னுச்சு. சரிம்மான்னு தலையாட்டிட்டு வந்தேன்.

தலையாட்டுனேனே தவிர மனசு கேக்கல. வெறும் வயித்தோட மலையேறக் கூடாதுங்கிறது எத்தனை காலத்துச் சட்டம்! வெறும் வயிறுதான் பொரட்டும். டாக்டரம்மா சொன்னது சாதாரண ஆளுகளுக்கு. அதனால ஆபரேஷனுக்குன்னு சேந்த அன்னைக்கே ஒரு பன்னு வாங்கித் துண்டுக்குள்ள சுருட்டி வச்சுட்டேன். விடிஞ்சதும் குளியலறைக்குப் போற மாதிரி துண்டை எடுத்தேன். ஒச்சம்மா கட்டில்ல உக்காந்து தலை சீவிக்கிட்டு இருக்கா. தலையைத் தூக்கவே இல்ல.

"பன்னு தின்னப் போறீகளா?"

எப்படித்தான் தெரியுமோ. "பசிக்குது புள்ள"ன்னேன்.

"தின்னுங்க. நல்லாத் தின்னுங்க. நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா தின்னவங்களுக்கு இன்னைக்கு ஆபரேஷன் கிடையாதாம். ஊருக்குப் போயிட்டு வேற நாளைக்கு வரணுமாம். உங்க சகலை தங்கமலை கார் இன்னைக்கு வராது. டவுன் பஸ் புடிச்சு ஆரப்பாளையம் போயி, அங்க இருந்து போடி பஸ்ல போகணும். கூட்டமா இருக்கும். கடைசி சீட்டுதான் கெடைக்கும். சக்கரத்துக்கு மேல."

சும்மாச் சொல்லக்கூடாது தம்பி, பஸ்ஸுக்கெல்லாம் நான் பயந்தவன் இல்ல. ஆனா யோசிச்சுப் பாத்தேன், நெசமாவே பசி இல்ல. பன்னை அவகிட்டயே குடுத்துட்டேன். அவ டீயை வாங்கியாந்து, என் கண்ணு முன்னாலயே முக்கி முக்கித் தின்னா. கல்நெஞ்சுக்காரி.

உள்ள கொண்டு போனாங்க. கழுத்துல ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல கையைக் காணோம். இருக்கு, ஆனா என்னுது இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் கையைக் கொண்டாந்து வச்ச மாதிரி கெடக்கு. அப்புறம் தோள் ஆபரேஷனுக்குன்னு சாய்வு நாற்காலி மாதிரி ஒண்ணுல பாதி உக்கார வச்சாங்க. அதுல உக்காந்தப்புறம்தான் பாக்குறேன். அச்சு அசலா டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. மேலுதட்டுல வேர்வை. அது விளக்கு வெளிச்சத்துச் சூடு.

டாக்டரம்மா குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லுச்சு: "அண்ணே, இது டிரைவர் சீட்டு. வண்டிய நீங்கதான் எடுக்குறீங்க. மெட்டுக்கு விடுங்க பாக்கலாம். மொத வளைவு எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்மா. ரெண்டாவது கியரு."

"அடுத்தது?"

"வலது. ஆரன் அடிக்கணும், லாரி வரும்..."

லாரி வந்துச்சா வரலையான்னு தெரியல தம்பி. முழிச்சா ஆபரேஷனே முடிஞ்சிருச்சு. கட்டில்ல கெடக்குறேன், கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. ஒச்சம்மா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குறா. நான் ஜீப்புல ஏறுறவங்களப் பாப்பேனே, அதே பார்வை.

நெஞ்சுக்குழியில லேசா ஒரு அலை வந்துச்சு. இல்லைங்கல. நர்சம்மா ஸ்பிரிட்டு தொட்ட பஞ்சை மூக்குகிட்டப் புடிச்சு, "மெதுவா மூச்சை இழுங்க"ன்னுச்சு. என் எலுமிச்சம்பழ வேலையை அது பஞ்சை வச்சுச் செய்யுது. இழுத்தேன். போயிருச்சு. அம்புட்டுத்தான். குடமுமில்ல, குவளையுமில்ல. தச்ச தோள் தச்சபடி கெடக்கு.

ஜெயிச்சாச்சுன்னு ரெண்டு வார்த்தை பேசலாம்னு வாயத் தொறந்தா, காத்துதான் வருது. குரல் கம்மிப் போச்சு. வலது கண் இமை வேற பாதி மூடிக் கெடக்கு. கழுத்துல போட்ட ஊசிக்கு அப்படி ஆகுமாம், மரப்பு விட்டாச் சரியாயிருமாம். ஒச்சம்மா டாக்டரம்மாவைக் கேக்குறா:

"இந்தக் குரலு எப்ப வரும் டாக்டரம்மா?"

"நாளைக்குள்ள வந்துரும்மா, பயப்படாதீங்க."

"அதுக்குள்ளயா?"ங்குறா.

நான் கம்மிப்போன குரல்லயே சொன்னேன், "பாத்தீங்களா டாக்டரம்மா, ஓட்டுறவனுக்கு வராதுன்னேன்ல." அந்தம்மாவும், "ஆமாண்ணே, உங்களது டிரைவர் வயிறு"ன்னுச்சு. சொல்லிட்டு ஒச்சம்மாவைப் பாத்துச் சிரிக்குது. ஒச்சம்மாவும் சிரிக்கிறா. எதுக்குச் சிரிப்புன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியல.

மரப்பு முழுசா விடுறதுக்கு முன்னாலயே வலி மாத்திரை போட்டுக்கங்க, வெறும் வயித்துல போடாதீங்கன்னு சொன்னாங்க. அதுல மட்டும் எங்க ஜீப்புச் சட்டத்தை ஒத்துக்கிட்டாங்க பாத்தீங்களா! இட்லி தின்னேன், மாத்திரை போட்டேன், தாங்குற வலிதான்.

வீட்டுக்குப் போகலாம்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கெளம்புறாங்க. எனக்குத்தான் மூஞ்சி செத்துப் போச்சு. மதுரையில இருந்து போடிக்கு எம்புட்டுத் தூரம்! நடுவுல ஆண்டிபட்டி கணவாய் வேற கெடக்கு. இம்புட்டு நேரம் நல்லா இருந்த தோளு, அவ்வளவு தூரம் தாங்கணும்ல. அதுவும் தங்கமலை ஓட்ட, நான் பக்கத்துல.

தங்கமலை என் சகலை. ஒச்சம்மாவோட தங்கச்சி புருஷன். லாரிக்காரன். நாக்பூர் வரைக்கும் லோடு ஏத்திக்கிட்டுப் போய் வர்றவன். ஓட்டுறது அப்படி ஒண்ணும் மோசமில்லைன்னுதான் அதுவரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

கெளம்புறப்ப ஒச்சம்மா ஒரு மாத்திரையைக் குடுத்து, "கேஸ் மாத்திரை, டாக்டரம்மா போடச் சொன்னாங்க"ன்னா. போட்டுக்கிட்டேன். அப்புறம் தங்கமலையைத் தனியாக் கூட்டிட்டுப் போயி என்னமோ பேசுனா. பேசிட்டு வந்து என் காதுல சொல்றா: "ஏங்க, தம்பிக்கு லாரி ஓட்டி ஓட்டி, காரு கைக்கு வரமாட்டேங்குதாம். ரோடு வேற புதுசாப் போட்டிருக்காங்களாம். அதுக்குச் சொல்லக் கூச்சம். நீங்க முன்னால உக்காந்து சொல்லிக் குடுத்துக்கிட்டே வாங்க. ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்துறாதீங்க, எனக்குப் பயமா இருக்கு."

சரி, உசுரு நம்மளுதுமாச்சேன்னு உக்காந்தேன். அன்னைக்கு அவன் ஓட்டுன லட்சணத்தை நீங்க பாத்திருக்கணும் தம்பி. நாகமலை தாண்டல, வண்டியை அணைச்சுட்டான். "கிளச்சை மெதுவா விடுறா!"ன்னேன். "அப்படியாண்ணே?"ங்குறான். நாக்பூருக்குப் போயிட்டு வர்றவன் கேக்குற கேள்வியா இது? செக்கானூரணியில "இப்ப எந்தக் கியருண்ணே?"ங்குறான். உசிலம்பட்டி வரைக்கும் எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. மேடு வருது, பள்ளம் வருது, மாடு வருது, ஆரன் அடி, வேகத்தைக் கொற. ஒரு நிமிசம் கண்ணை இங்கிட்டு அங்கிட்டுத் திருப்ப முடியல. கணவாய்ல வளைவுக்கு வளைவு நான்தான் ஓட்டுனேன்னு வச்சுக்கங்களேன். அவன் கையி, என் வாயி. "ஒடி... ஒடி... இப்ப நேரா விடு." பயபுள்ள சொன்னதை அப்படியே செஞ்சான்.

குமட்டலா? அதை நெனைக்க எங்க தம்பி நேரம்! ஓட்டுறவனுக்கு வருமா?

கணவாய் இறங்கி, ஆண்டிபட்டிக்கு முன்னால சமதளம் வந்ததும், பின்னால இருந்து ஒச்சம்மா, "தம்பி, ஓரமா நிப்பாட்டுங்க"ன்னா. தங்கமலை நிப்பாட்டுனான் பாருங்க, அம்புட்டுப் பதமா, ஒரு குலுக்கல் இல்லாம. என் பயிற்சி அதுக்குள்ள வேலை செஞ்சிருச்சு. திரும்பிப் பாக்குறேன், மதுரையில இருந்து மடியில ஒரு பெரிய பாலித்தீன் பையை வாய் விரிச்சபடி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே வந்திருக்கா. ரோட்டோரத்துல ஒரு அம்மா கொய்யாப்பழம் குவிச்சு வச்சு வித்துக்கிட்டு இருக்கு. கணவாய் தாண்டுனா கொய்யா விக்கும்னு மதுரையிலேயே தெரிஞ்சு, பையும் கையுமா வந்திருக்கா பாருங்க. அவ இறங்கி, பையை ஒரு உதறு உதறி, பழத்தைப் பொறுக்கி நெறையப் போட்டா. போட்டுட்டு, இருக்குறதுலயே பெரிய பழமா ஒண்ணை எடுத்து முந்தானையில தொடச்சு, எனக்குக் குடுக்கல தம்பி, ஓட்டத் தெரியாத அந்தத் தங்கமலைகிட்ட நீட்டுனா.